வராதவன் கட்டிய மோட்டார்

சங்ககிரி ரோட்டில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். நான் விட்டு வந்த பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்பிரிவின் செய்முறைத் தேர்வு இன்னும் முடியவில்லை. எனக்கு முடிந்திருந்தது. முழு மதிப்பெண். வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்தவர் என் கண் முன்னாலேயே எழுதினார். எழுத்துத் தேர்வுகள் அத்தனையும் பாக்கி இருந்தன. அவற்றுக்கு நான் போகவே இல்லை.

மின்மோட்டார் எங்கள் பாடம். இரண்டு வருடத்தில் நான் ஒரு மோட்டாருக்குக்கூடச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியதில்லை. பள்ளியில் இருந்த ஒரே மோட்டார் நாங்கள் சேருவதற்கு முன்பே கருகிவிட்டது. ஆனால் எனக்குப் படம் நன்றாக வரும். ரெக்கார்டு நோட்டில் மோட்டாரின் உள்பாகங்களை அச்சடித்த மாதிரி வரைவேன். வகுப்பில் பாதிப் பேருக்கு நான்தான் வரைந்து கொடுத்தேன். யாரும் செய்யாத செய்முறைகளுக்கு ‘செய்து பார்த்தேன், சரியாக இருந்தது’ என்று நாங்கள் எழுதிக்கொண்டு போனால், எங்கள் ஆசிரியர் பேச்சை நிறுத்தாமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போவார்.

அதே வகுப்பில் என் மாமன் மகன், எனக்கு மச்சான், படித்தான். சனி, ஞாயிறுகளில் மோட்டார் பட்டறைக்குப் போவான். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏற்றிய மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி, புதுக் காயில் கட்டி ஓடவிடுவான். அவன் ரெக்கார்டில் பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய் விரல் தடம். போதாததற்கு, புத்தகத்தில் இருந்த சுற்றுக் கணக்கை விட்டுவிட்டு, பட்டறையில் தான் சுற்றிய கணக்கை எழுதியிருந்தான்.

“புக்குல இருக்கறதப் பாத்துச் சுத்தமா எழுதிட்டு வா சாமி, கையெழுத்துப் போடறேன்” என்றார் ஆசிரியர்.

“அது வேற மோட்டாருக்குங்க சார். நான் கட்டுனது வேறைங்க.”

மூன்று முறை நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். “நான் கட்டுனதுக்கு நீ எதுக்கு மாப்ள படம் போடறே?” என்று சிரித்தான். அந்தப் பிரிவில் தேறினால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். அவன் இரண்டு வருடமாக எதிர்பார்த்திருந்தது அதை மட்டும்தான்.

தேர்வு நாளில் மேசைமேல் வைக்க ஒரு மோட்டார் வேண்டும். வருடா வருடம் பட்டறையில் இரவல் வாங்குவது வழக்கம். அந்த வருடம் ஆசிரியர் என் மச்சானிடமே கேட்டார். அவன் தானே காயில் கட்டிய ஒன்றை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். நாங்கள் வரிசையாகப் போய் அதைத் தொட்டுக் காட்டி, பாகங்களின் பெயரை ஒப்பித்தோம். யாரும் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை.

மச்சான் முறை வந்தது.

“ரெக்கார்டு எங்கேப்பா?” என்றார் தேர்வு நடத்த வந்தவர்.

“சார் கையெழுத்துப் போடலீங்க.”

“அப்ப வரலைன்னுதான் எழுதணும்.”

“முன்னாலதானுங்களே நிக்கறேன்?”

“நீ நிக்கிறப்பா. ரெக்கார்டு வரலையே.”

எனக்குப் பொறுக்கவில்லை. “இந்த மோட்டாரக் கட்டுனதே இவன்தானுங்க சார்” என்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மோட்டாரைக் குனிந்து பார்த்தார். “அப்படியா? நல்லாக் கட்டியிருக்கானே!” என்றார். சொல்லிவிட்டு, அவன் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதினார். எங்கள் ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மச்சான் மோட்டாரை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கினான். “வராதவன் கொண்டாந்த மோட்டாரு இங்க எதுக்குங்க?”

அப்போதுதான் ஆசிரியர் ஓடி வந்தார். “டேய், இன்னும் எட்டுப் பேரு இருக்கறாங்கடா. சாயங்காலம் எடுத்துக்க சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அந்த எட்டுப் பேரையும் ஒரு தடவை பார்த்தான். மோட்டாரை மேசைமேல் திரும்ப வைத்தான். வெளியே போய் மொபெட் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தான். நான் அவனைத் தாண்டித்தான் நடந்தேன். “எங்கடா போறே?” என்றான். கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கினேன்.

பாலிடெக்னிக் அவனுக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அடுத்தவர் பட்டறையில்தான் காயில் கட்டுகிறான். போன மாதம் மேச்சேரிப் பக்கம் ஒரு பள்ளியில் போர்வெல் போடப் போயிருந்தேன். திறன் மதிப்பீடு என்று பேனர் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒரே ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். படம் பதிவானதும் ஸ்பேனர் அடுத்த பிள்ளை கைக்குப் போனது. என் ரெக்கார்டு நோட்டுக்காவது நான் உட்கார்ந்து வரைய வேண்டியிருந்தது. அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பேன். கூட வந்தவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

தேர்வை விட்டு வந்த அன்று திருச்செங்கோடு வரை நடந்தேன். மறுநாள் காலை, போர்வெல் போடும் ரிக் வண்டிகள் நிற்கும் ஒரு செட்டில் வேலை கேட்டேன்.

“என்ன படிச்சிருக்கறே?” என்றார் மேனேஜர்.

“பன்னெண்டாவதுங்க. மோட்டார் பிரிவு. செய்முறையில முழு மார்க்குங்க.”

அவர் முகம் மலர்ந்தது. மூலையில் கிடந்த மோட்டாரைக் காலால் தள்ளிக் காட்டினார். “அட, அப்ப இதுக்குக் காயில் கட்டிப் போடு பாக்கலாம்.”

குத்துக்காலிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாப் பாகத்துக்கும் பெயர் தெரிந்தது. எங்கே கை வைத்துத் திறப்பது என்று தெரியவில்லை.

“கட்டத் தெரியாதுங்க.”

“பின்ன மார்க்கு எதுக்குய்யா போட்டாங்க?”

எழுந்து நின்றேன். அவர் என் தோளை அமுக்கிப் பார்த்தார். “சரி, ராடு தூக்குவியா?”

தூக்குவேன் என்றேன். கர்நாடகத்து ராய்ச்சூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வண்டியில், துளை போடும் இரும்பு ராடுகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்தேன்.