இடது காலுக்கு நான்கு தாள்

கல்லூரியில் அனிமேஷன் படித்த முதல் அரையாண்டில், தெரிந்த ஒருவர் நடப்பதைக் கையால் வரைந்து அசைய வைக்க வேண்டும் என்றார் விரிவுரையாளர். கணினி கூடாது. தாளும் பென்சிலும்தான். மற்றவர்கள் காதலியையும் பூனையையும் வரைந்தார்கள். நான் அப்பாவை எடுத்துக்கொண்டேன். அந்தப் புத்தியை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அப்பா கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். கேமராவைக் கண்டால் எவரும் இயல்பாக நடப்பதில்லை என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். அதனால் வேலை முடிந்து லயத்து வீட்டுக்குத் திரும்பிய அப்பாவை, அவருக்குத் தெரியாமல் பின்னாலிருந்து கைப்பேசியில் பிடித்தேன். பழைய ஜன்னல் கண்ணாடியை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கிடத்தி, அடியில் விளக்கைப் போட்டு, தாள்மேல் தாள் வைத்து வரைந்தேன். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம்.

எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வலது கால் தரையில் எட்டுப் படம் நின்றது. இடது கால் ஐந்துதான். கணக்குத் தப்பு என்று மறுபடி எண்ணினேன். மறுபடியும் ஐந்து.

அப்பாவிடம் கேட்டேன். முதலில் முறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன வருஷம் ஒரு குலை முட்டியில பட்டுச்சு. மண்டோருக்குத் தெரிஞ்சா நான் வெட்டுற மர நிரைய நாளைக்கே வேற ஆளுக்குக் குடுத்துருவான். வெளிய சொல்லாத பாப்பா."

தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவர் எல்லோருக்கும் முன்னால் போய்விடுவார். அது அவருடைய ஒழுங்கு என்று தோழிகளிடம் பெருமையடித்திருக்கிறேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வரும்போது அப்பா நடக்கக் கூடாது, நின்றுகொண்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த ஓட்டம். ஒரு வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய எனக்கு அது தெரியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. வரைந்தேன்.

விரிவுரையாளர் பார்த்துவிட்டு, "எண்ணிக்கை தப்பு. ரெண்டு காலும் சமமா வரணும்" என்றார்.

"இல்ல சார். எங்கப்பா அப்படித்தான் நடப்பாரு."

அவர் முகம் மாறியது. "அப்ப இதுதான்மா உன் படம். அந்த நொண்டல இன்னும் கொஞ்சம் கூட்டு லா. உள்ளத உள்ளபடி வரைஞ்சா எடுபடாது."

கூட்டினேன். இடது காலுக்குரிய ஐந்து தாளில் ஒன்றை உருவி எறிந்தேன். அப்பா இன்னும் அழகாக நொண்டினார். வகுப்பே கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுப் பிள்ளை எதில் தேறினாலும் அதைக் கோயில் திருவிழா வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். கைதட்டல் மயக்கத்தில் அப்பா சொன்னதை மறந்து நானும் போட்டேன். 'அப்பா நடக்கிறார். முதல் முயற்சி. ஏ கிடைத்தது.' வணக்கம் போடும் கைகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. முதலில் கட்டைவிரலை உயர்த்தியவர் மண்டோர். நான் அவருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

மறுநாள் பெரட்டில் மண்டோர் எல்லோருக்கும் முன்னால் அப்பாவைக் கூப்பிட்டு, லோரி வரைக்கும் போய்த் திரும்பி வரச் சொல்லியிருக்கிறார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நேராகவே நடந்தாராம். மண்டோர் கைப்பேசியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

"என்னா அண்ணே, இப்ப நல்லாத்தானே நடக்குறீங்க? ஆனா உங்க மவளே வரைஞ்சிருக்கா. சொந்த அப்பன பொய்யாவா வரைவா?"

வரைந்தேனே. ஒரு தாள் அளவுக்குப் பொய்யாகத்தான் வரைந்தேன். அதைச் சொல்ல அங்கே நான் இல்லை. இருந்திருந்தாலும் எதைச் சொல்வது? நாலு இல்லை, ஐந்து என்றா?

அந்த வாரமே அப்பாவின் நிரை வேறு ஆளுக்குப் போனது. அவருக்கு நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்தார்கள். பெரட்டுக்கு அவர் இப்போது மெதுவாகத்தான் போகிறார், ஒளிக்க எதுவும் இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தப் படத்துல காலைச் சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

இன்னும் நான்கு தாள்தான் வேண்டும். இடது காலுக்கும் எட்டுப் படம் வரும்படி அவர் முன்னாலேயே வரைந்து, ஓட்டிக் காட்டினேன். நேரான முதுகோடு ஒருவர் செம்மண் பாதையில் போய்க்கொண்டே இருந்தார். அப்பா முட்டியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இப்பத்தான் நல்லா நடக்குறான். இத அந்தக் குரூப்புல போடு பாப்பா" என்றார்.

நான் போடவில்லை.