பையிலிருந்து வந்த இருமல்

அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்பதை நான் போன இரண்டாவது வாரம்தான் கவனித்தேன். பதினோராம் வகுப்பு. மற்ற பெஞ்சுகளில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஜன்னலோரக் கடைசி பெஞ்சு முழுவதும் அவள் ஒருத்திக்குத்தான். அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் தங்கள் பெஞ்சையே கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய பள்ளிக்கூடம். ஜன்னல் கட்டையில் விரலை வைத்தால் கறுப்பாகப் பொடி ஒட்டும். மழைக்காலத்தில் ஆலைப் புகை மேலே போகாமல் மைதானத்திலேயே படுத்துக்கிடக்கும். கொடிக்கம்பம் பாதிக்கு மேல் தெரியாது. நான் அங்கே பாடம் எடுக்கவில்லை. வாரம் ஒரு மத்தியானம் போய்ப் பிள்ளைகளோடு பேசுவேன். நட்பு, காதல், கோபம், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்வது, பிடிவாதம் பிடிக்கிறவரிடமிருந்து எப்படி விலகுவது, இப்படி. அந்த வருடம் பிள்ளைகள் காரணம் சொல்லாமல் அழுவதையும் சாப்பிடாமல் மயங்கி விழுவதையும் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டிருந்தார். "மார்க்கு போறது எனக்குக் கவலை இல்ல. பிள்ளைங்க முகமே வேற மாதிரி ஆயிட்டு வருது" என்றார்.

கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டாள். தலையை லேசாகச் சாய்த்து, வேறு யாரோ பேசி முடிக்கட்டும் என்பதுபோல் காத்திருப்பாள். அப்புறம்தான் வாயைத் திறப்பாள். அதுவும் எனக்குச் சொல்கிற மாதிரி இருக்காது.

வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது ஒரு மாணவி என்கூடவே வந்தாள். ஒரு வருடம் முன்பு வரை கடைசி பெஞ்சுப் பெண்ணோடு ஒரே சைக்கிளில் வந்துபோன தோழி அவள்.

"மிஸ், அவகிட்ட ரொம்ப நேரம் பேசாதீங்க."

"ஏம்மா?"

"அவளுக்குக் காத்து புடிச்சிக்கிச்சி. பாத்ரூம்ல அவ ஒருத்திதான் இருந்தா. உள்ளேருந்து ஆம்பள இருமற சத்தம் வந்துச்சி. நானே கேட்டேன். அவ அம்மா மந்திரிச்சிக் கயிறு கட்டியிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அடுத்த வாரம் ஒரு சின்னப் பயிற்சி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, பேசினால் மனசு லேசாகிற ஒரு ஆளை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. மின்விசிறிகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அது கேட்டது. டொம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் டொம். எங்கோ ஆழத்தில் இரும்பின்மேல் இரும்பு விழுகிற சத்தம். ஆலையிலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஜன்னல் பக்கம் போனபோது அது என் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது. கடைசி பெஞ்சுக்குக் கீழே இருந்த புத்தகப் பையிலிருந்து. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு ஆண் இருமினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

முன்பெஞ்சில் ஒரு பெண் கண்ணைத் திறக்காமலே அழ ஆரம்பித்தாள். கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் அசையவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபடி இருந்தாள். சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சுகிற பார்வை அது. நான் கையைத் தட்டி, எல்லோரையும் மைதானத்துக்குப் போகச் சொன்னேன்.

அவளை மட்டும் கட்டடத்தின் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகே கூட்டிப்போனேன். பை வகுப்பிலேயே இருந்தது. அவள் மிக மெதுவாக, உதடு மட்டும் அசைகிற மாதிரி பேசினாள்.

பையில் இருந்தது ஒரு பட்டன் போன். அவன் வாங்கிக் கொடுத்தது. அவனுக்கு இருபது வயதிருக்கும். வெளி மாவட்டத்திலிருந்து வந்து, பேட்டையில் தகடு அழுத்துகிற மெஷினில் வேலை பார்க்கிறான். புதுவாயலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பழக்கம். நேரில் பார்த்ததெல்லாம் கொஞ்ச தடவைதான். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா பேக்கிங் கம்பெனியில் ஷிப்டு. சாயங்காலம் வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று ஒருநாள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். "லைனை வெச்சிடாத, நான் இருக்கேன்" என்று அவன் சொன்னான். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிறகு சாயங்காலம் மட்டும் இல்லாமல் காலையிலும் வைக்கக் கூடாது என்றான். பிறகு பள்ளிக்கூடத்திலும். அவன் கூப்பிட்டால் தானே எடுத்துக்கொள்கிற மாதிரி போனைச் செய்து கொடுத்தான். லைன் அறுந்தால் மறுபடி கூப்பிடுவான். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மெஷினில் நிற்பான்.

"பேசவே மாட்டான் மிஸ். கேட்டுக்கினு இருப்பான். நான் யார்கிட்டனா சிரிச்சிப் பேசினா மட்டும் ஒருவாட்டி இருமுவான்."

"சைக்கிள்ல கூட வந்த பிரெண்டு ஏன் விலகிப் போனா?"

"அவகிட்ட பேசினா ரொம்ப இருமுவான்."

உன்மேல் பிரியம் வைத்திருக்கிறவர்கள் உன் மூச்சுச் சத்தத்தைக் காவல் காக்க மாட்டார்கள் என்று சொன்னேன். உன் வயதுப் பெண்ணுக்கு நடக்கிற இதை நான் மறைத்து வைக்க முடியாது, தலைமையாசிரியையிடமும் அம்மாவிடமும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் உன்னைத் திட்ட விட மாட்டேன், நானும் கூடவே இருப்பேன் என்றும் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மின்சார ரயில் புறப்படக் காத்துக்கொண்டு நின்றது. ஷிப்டு முடிந்த கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. நான் பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். ஒல்லியானவன். நீலச் சட்டையில் எண்ணெய்க் கறை. மரியாதையாகக் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தான். என்னைப் பார்க்காமல் எதிர்த் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"பிரியம் வெச்சவங்க மூச்சுச் சத்தத்தைக் காவல் காக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே மேடம்."

அது நான் தண்ணீர்த் தொட்டி அருகே சொன்னது. யாரும் இல்லாத இடத்தில் சொன்னது. அவன் குரலில் என் வார்த்தைகள், நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, நான் அழுத்திய இடத்தில் அழுத்தி வந்தன. பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"போன் அவ இடுப்புல இருந்துச்சி" என்றான். "பையிலேருந்து எடுத்துச் செருகிக்கினுதான் வந்தா. எங்கயும் விட்டுட்டுப் போக மாட்டா."

"அவ பயந்துபோய் இருக்கா தம்பி."

"எங்கிட்ட பயம் கிடையாது மேடம். நான் ஒருநாள் கூட திட்டினதில்ல. கைய புடிச்சதில்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு நாள் பூரா கேக்கற?"

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ களைத்துப்போன குரலில் சொன்னான்:

"எங்க ரூம்ல ஏழெட்டு பேர். ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாது. மெஷின்ல நின்னா அந்தச் சத்தம்தான். படுத்தாலும் அதேதான் காதுல கேக்குது. அவ சாப்பிடறது, பாத்திரம் கழுவறது, அவங்க அம்மாகிட்ட பேசறது, இதெல்லாம் கேட்டா நானும் ஒரு ஊட்ல இருக்கற மாதிரி இருக்கும். நிறுத்திட்டா நான் இன்னா ஆவேன்னு எனக்கே தெரியல."

அவனுக்காக இரக்கப்பட்டேன் என்பது உண்மை. அவன் பக்கத்தில் இன்னும் ஒரு நிமிடம் உட்கார முடியாத அளவுக்குப் பயந்தேன் என்பதும் உண்மை. உன்னோடு பேச ஆள் ஏற்பாடு செய்கிறேன், ஆனால் அவள் வீட்டுச் சத்தத்தைக் கேட்பதை நீ விட்டுவிட வேண்டும் என்றேன். அவன் எழுந்து போய்விட்டான். ரயில் ஏறியதும் தலைமையாசிரியைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பேசி முடிக்கும்வரை குரலைத் தாழ்த்தியே பேசினேன். ஏன் அப்படிப் பேசுகிறேன் என்று பொன்னேரி தாண்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார். கம்பெனிக் கோட்டைக் கழற்றாமல் அப்படியே வந்திருந்தார். போனை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் ஏதோ உயிருள்ள பொருளை வைப்பதுபோல் வைத்தார்.

"நான் சமைக்கும்போது பாடுவேன் மேடம். அதையும் கேட்டிருப்பான் இல்ல?" என்றார். மகளை அடிக்கவில்லை. "தனியா இருக்க பயமா இருக்குதுன்னு எங்கிட்ட ஏன்டி சொல்லல" என்று மட்டும் கேட்டார்.

போனை நாங்களே பிடுங்கி வைத்துவிடலாம் என்றார் தலைமையாசிரியை. அந்தப் பெண்தான் வேண்டாம் என்றாள். தானே சொல்ல வேண்டும் என்றாள். அதற்கு அவள் ஒன்று கேட்டாள்: தோழியையும் கூப்பிட வேண்டும். தோழி வந்து, விஷயத்தைக் கேட்டு, வாசல்படியிலேயே நின்றாள். பேயென்று நினைத்து ஒரு வருடம் விலகியிருந்தவள். பிறகு உள்ளே வந்து அவள் நாற்காலியிலேயே பாதி இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பில் நாங்கள் இதைத்தான் பழகியிருந்தோம். காரணம் அடுக்காமல், மன்னிப்புக் கேட்காமல், ஒரே வாக்கியத்தில் வேண்டாம் என்று சொல்வது. வகுப்பில் அவளுக்கு அது ஒருநாளும் வரவில்லை.

அதுவரை அணைத்து வைத்திருந்த போனை ஆன் செய்து, அவன் கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போட்டோம். டொம் என்ற சத்தம் அறையை நிரப்பியது.

"இனிமே நான் லைன்ல இருக்க மாட்டேன்" என்றாள்.

மெஷின் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் இருமினான். அவள் விரல்கள் தோழியின் மணிக்கட்டை இறுக்கின. அவன் மறுபடி இருமினான்.

"உன் பக்கத்துல யாரு?" என்றான்.

"எங்க அம்மா. என் பிரெண்டு." அவள் தலையைச் சாய்க்கவில்லை. காத்திருக்கவில்லை.

"நீ வெச்சிட்டாலும் நான் கேட்டுக்கினுதான் இருப்பேன்" என்றான். மிரட்டுகிற குரல் இல்லை. தகவல் சொல்கிற குரல்.

அவள் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். அவளுடைய அம்மா போனின் பின்பக்கத்தைக் கழற்றி பேட்டரியை எடுத்தார்.

தலைமையாசிரியை குழந்தைகள் நல அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். அவர்கள் போய் அவனிடம் பேசினார்கள். அவன் மறுக்கவில்லையாம். கொஞ்ச நாளில் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது. அவனுக்காக நான் சொல்லி வைத்திருந்த மருத்துவரிடம் அவன் போகவே இல்லை.

அதோடு சரியாகிவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆகவில்லை. அமைதி வந்தால் அந்தப் பெண்ணால் இருக்க முடியவில்லை. வீட்டில் குழாய் சொட்டினால் அவளுக்கு டொம் என்று கேட்டது. யாராவது இருமினால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாள். அவளுடைய அம்மா ஷிப்டை மாற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டில் இருந்தார், ஆனால் சமையற்கட்டில் பாடுவதை விட்டுவிட்டார். வாரா வாரம் அவளோடு நான் பேசினேன். திருவள்ளூரில் ஒரு மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போனோம். மருந்தைவிட அவளுக்கு உதவியது தோழிதான் என்று எனக்குத் தோன்றும். அவள் பெரிய புத்திமதி எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் போய் அந்த வீட்டில் உட்கார்ந்து ஓயாமல் பேசினாள். பஜ்ஜியில் காரம் பத்தவில்லை என்று சண்டை போட்டாள். ஒருநாள் வகுப்பில் அவர்கள் இருவரும் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள், யார் சைக்கிளுக்குக் காற்றடிப்பது என்று. நான் அவர்களை அதட்டாமல் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணைப் புதுவாயல் கூட்டுரோட்டில் பார்த்தேன். நர்சிங் படிக்கிறாள். டீக்கடை வாசலில் நின்று பேசினோம். லாரிகள் போகிற இரைச்சலில் இருவரும் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. கூடப் படிக்கிற ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று கூச்சத்தோடு சொன்னாள்.

"ஊட்டுக்குப் போனப்புறம் போன் பண்ணாத, நான் எடுக்க மாட்டேன்னு அவங்கிட்ட சொல்லிட்டேன் மிஸ்."

"அவன் இன்னா சொன்னான்?"

"சரின்னு சொன்னான். ஏன், எதுக்குன்னு ஒண்ணுமே கேக்கல. சரின்னுட்டு பஸ் ஏறிப் போயிட்டான்." அவள் டீ கிளாஸைக் கையில் உருட்டினாள். "எனக்கு அதுக்கு மேல இன்னா பண்றதுன்னே தெரியல. ரொம்ப நேரம் ஸ்டாப்பிங்லயே நின்னுக்கினு இருந்தேன்."