தாலின் எனக்கு அத்துப்படி

எங்கள் லஹ்தி நகரத் தண்ணீர் அலுவலகத்தில் தாலின் என்றால் இல்போ, இல்போ என்றால் தாலின். அந்த இல்போ நான்தான். ஹெல்சிங்கியில் கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் அந்த அக்கரை நாட்டுக் கோட்டை நகரத்துக்கு, இருபது வருடத்தில் முப்பது தடவை போய் வந்தவன். காபி நேரத்தில் யாராவது தாலின் என்று வாயெடுத்தால் போதும், கண்ணை லேசாக மூடி, "ம்ம்... தாலின்" என்பேன். அதற்கு மேல் பேச மாட்டேன். எங்கள் ஊரில் பேசாதவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கையில் பிழைப்பவர்களில் நான் மூத்தவன்.

உண்மை என்னவென்றால், முப்பது தடவையும் நானும் சக ஊழியன் வெய்யோவும் துறைமுகத்தை ஒட்டிய மலிவு விலை மதுக்கடையைத் தாண்டியதில்லை. மடக்குத் தள்ளுவண்டியோடு இறங்குவோம். பீர் பெட்டிகளை அடுக்கிக் கயிறு கட்டுவோம். அடுத்த கப்பலில் திரும்பிவிடுவோம். கோபுரங்களைப் பெட்டிகளுக்கு மேலாகப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தன.

இதனால் யாருக்கும் கெடுதல் இருக்கவில்லை, புகார்ப் பிரிவுக்கு சிர்க்கு மாற்றலாகி வரும்வரை. இரண்டு வருடமாக அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் காபி குடித்து வந்தேன். எங்கள் வழக்கத்தில் அது கொஞ்சம் அவசரப்பட்ட காதல்தான். ஒரு வியாழக்கிழமை அவளே கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இல்போ, நான் தாலின் பாத்ததே இல்ல. இந்த சனி ஞாயிறு போலாமா? உங்களுக்குத்தான் அத்துப்படியாச்சே."

வெய்யோவுக்கு ஏலக்காய் பன் தொண்டையில் அடைத்தது. இருமி முடித்துவிட்டு, "கூட்டிட்டுப் போடா, ஒரு கோபுரம் விடாமக் காட்டு," என்றான் துரோகி.

எனக்கு வயது ஐம்பத்தாறு. விவாகரத்துக்குப் பிறகு ஒரு பெண் என்னை "வாங்க" என்று கூப்பிட்டது பல் டாக்டர் வாசலில் மட்டும்தான். இந்தப் பொய் உடைந்தால் அடுத்த "வாங்க" வேறெந்த வாசலிலும் வராது என்று தெரிந்தது. சரி என்றேன்.

கப்பலில் அவள், "முதல்ல எங்க போறோம்?" என்றாள்.

"கூட்டத்தப் பொறுத்து," என்றேன்.

இறங்கியதும் என் கால்கள், விசுவாசமான கால்கள், தாமாகவே கடைப் பக்கம் திரும்பின. வாசலில் வண்டிகளை வரிசைப்படுத்தும் மாரெத் என்னைப் பார்த்து மலர்ந்தாள்.

"இல்போ! வண்டி எங்க? வெய்யோ வரலியா, போய்ச் சேந்துட்டாரா?"

"ஊருக்குள்ள போறோம்," என்றேன் தாழ்ந்த குரலில்.

"ஊருக்குள்ளயா! நீங்களா!" தெருவே கேட்க, "அது அந்தப் பக்கம்!" என்று கை நீட்டினாள்.

"இங்க ரொம்பப் பழக்கம் போல," என்றாள் சிர்க்கு.

"ஆராய்ச்சி விஷயமா," என்றேன்.

மதிலுக்குள் நுழைந்தோம். நகரமன்றச் சதுக்கத்தில் என் வரலாற்றுப் பேருரை தொடங்கியது.

"இது?"

"இது பழசு."

"அது?"

"இதவிடப் பழசு."

கைபேசியில் எட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் அவள் எதிரில் அது பரீட்சையில் பிட் அடிப்பது போல. அப்போதுதான் தெய்வம் போல ஒரு ஜெர்மானியர் கூட்டம் வந்தது. வழிகாட்டி ஒரு மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பத்தடி தள்ளி நானும், என் பின்னால் சிர்க்குவும். குடை நின்ற இடத்தில் நின்றேன், நிமிர்ந்த இடத்தில் நிமிர்ந்தேன். தூறல் பிடித்தது. ஊரே குடை விரித்தது. நான் மஞ்சளை மட்டும் விடவில்லை.

மஞ்சள் மதிலைத் தாண்டியது. ரயில் நிலையத்தைத் தாண்டியது. மர வீடுகள் வந்தன, துணிக்கொடிகள் வந்தன.

"சுற்றுலாக்காரங்க ஒருத்தரையும் காணோமே?"

"அதான் இதோட விசேஷம்."

ஒரு வீட்டு வாசலில் குடை மடங்கியது. அடியில் எழுபது வயது அம்மாள் ஒருத்தி, கையில் முட்டைக்கோஸ் பை. கடல் தாண்டி வரும் எங்கள் நாட்டு டிவியைப் பார்த்தே எங்கள் பின்னிஷ் மொழியைப் படித்த தலைமுறை. சுத்தமாகக் கேட்டாள்.

"கால் மணி நேரமா என் பின்னாலயே வர்றீங்க. யாருப்பா நீங்க? தண்ணி மீட்டர் பாக்கவா?"

அன்று முழுவதும் எனக்குத் தொழில்ரீதியாகப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். அதை விட்டுவிட்டேன். சிர்க்குவைப் பார்த்து, "முப்பது தடவ வந்திருக்கேன். அந்தக் கடையத் தாண்டினது இன்னைக்குத்தான்," என்றேன்.

சிர்க்கு ஒன்றும் பேசவில்லை. அம்மாளும் பேசவில்லை. இரு நாட்டிலும் அடுத்தவர் மௌனத்தில் குறுக்கிடுவது மரியாதை இல்லை. முட்டைக்கோஸிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"முப்பது தடவையுமா?" என்றாள் சிர்க்கு கடைசியில்.

"கடை ரொம்பப் பெருசு."

அவள் சிரிக்கவில்லை. அம்மாளிடம் வழி கேட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால். ஒவ்வொரு பலகையாக நின்று உரக்கப் படித்தாள், மறுநாள் மத்தியானம் வரை. திரும்பும் கப்பலில் மட்டும் வாயே திறக்கவில்லை. எங்கள் மௌனத்துக்குக் கோபம், சம்மதம் என்று இரண்டு அர்த்தம் உண்டு. எது எப்போது என்பது இந்த வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காபி அறையில் பதினோரு பேர். வெய்யோ ஆரம்பித்தான்.

"எப்டிக் காட்டினான், சிர்க்கு?"

"யாருமே பாக்காத தெருவெல்லாம் காட்டினார்," என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். "கப்பல்ல ஸ்டாக்ஹோமுக்கும் நிறையத் தடவ போயிருக்கீங்களாமே?"

அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இருபது வருட மரியாதை மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது.

"பதினாலு தடவ," என்றேன். "கப்பல்லயே குடிச்சுட்டுத் திரும்பிடுவேன், இறங்கினதில்ல. தாலின்லயும் சாராயக் கடையோட சரி."

வெய்யோ ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினான். மூலையிலிருந்து மேலாளர் மெதுவாக, "ஸ்டாக்ஹோம்ல இறங்க விடுவாங்களா?" என்று கேட்டார்.

"விடுவாங்க சார். நான் விசாரிச்சுட்டேன்," என்றாள் சிர்க்கு. பிறகு என் கோப்பையில் காபியை ஊற்றினாள். "அடுத்த மாசம். முன்னாடி நான் நடக்கறேன். நீங்க பையத் தூக்கிட்டு வாங்க."

"எத்தன பை?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருவன் இதைவிட வெளிப்படையாக மனதைத் திறந்ததாக எனக்குத் தெரியவில்லை.