ஏழாம் வரிசையின் முதல் கைதட்டல்

என் வீட்டுக்காரருக்கு இசை தெரியாது. நாற்காலி தெரியும். எங்கள் ஊர் இசை அரங்கில் இருக்கும் அறுநூற்று இருபது நாற்காலிகளுக்கும் அவர்தான் வைத்தியர். எது கிறீச்சிடும், எது உட்கார்ந்தவர் உடையைக் கிழிக்கும், எந்த ஸ்பிரிங் என்றைக்கு உயிரை விடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றின் கால் மூன்று வருடமாக ஆடிக்கொண்டிருப்பது வேறு விஷயம். கேட்டால், “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பார்.

பகலில் மேடையில் ஒத்திகை நடக்கும்போது இவர் கீழே படுத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருப்பார். இருபத்திரண்டு வருடம். அவரைக் கேட்காமலே அவர் காது எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டது.

அந்த அரங்கில் வாசிக்கும் பெரிய இசைக்கோவைகள் மூன்று நான்கு பகுதிகளாக வரும். ஒரு பகுதி முடிந்ததும் கொஞ்ச நேரம் நிசப்தம். அப்போது கை தட்டக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும். ஒருமுறை வங்கி மேலாளர் ஒருவர் உற்சாகத்தில் நடுவிலேயே தட்டிவிட்டார். கையில் குச்சியோடு இசைக்குழுவை நடத்துபவர், நாங்கள் வீட்டில் குச்சிக்காரர் என்போம், திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். மனிதர் அதற்குப் பிறகு அரங்கத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மற்றவர்களுக்கும் உதறல் எடுத்துவிட்டது. முடிந்தால்கூடத் தட்டப் பயந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு பக்கத்து முகத்தைப் பார்ப்பார்கள்.

ஏழாம் வரிசையில் பதினான்காம் நாற்காலி எவ்வளவு பழுது பார்த்தாலும் முனகும். அதை விற்க முடியாது என்பதால் இவருக்குக் கொடுத்திருந்தார்கள். பக்கத்து இருக்கையும் யாரும் கேட்காததால் எனக்கு. ஒருநாள் இசை முடிந்தும் தட்டலாமா கூடாதா என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது இவர் சர்வசாதாரணமாகத் தட்டினார். அரங்கமே அவரைப் பின்தொடர்ந்து தட்டியது. அன்றிலிருந்து இவருக்கு ‘முதல் கை’ என்று பெயர். ஊரில் பாதிப் பேரின் நெஞ்சைத் திறந்து பார்த்த இதய டாக்டர்கூட இவர் கையைப் பார்த்துத்தான் தட்டுவார். நீதிபதியின் மனைவி ஒருவர் உண்டு. பகலில் இவர் கையில் ஸ்பேனரோடு வணக்கம் சொன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். அதே அம்மா மாலையில் இவர் கை எப்போது எழும் என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்ப்பதற்காகவே நான் இவர் சட்டையை மொடமொடவென்று தேய்த்துக் கொடுப்பேன். எனக்கும் கொஞ்சம் கெட்ட புத்தி உண்டு.

இனி என் நாத்தனார் கதைக்கு வருகிறேன். இவருடைய ஒரே தங்கை. எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பாள். மாலையில் அந்த இசைக்குழுவில் கடைசி வரிசை, கடைசி நாற்காலி. பதினெட்டு வருடமாக அங்கேயேதான். முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர அவள் எதையும் பார்த்ததில்லை.

இந்த வருடம் புதிதாக ஒரு இசைக்கோவை வந்தது. அதன் கடைசியில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். ஒரு நிசப்தம். பிறகு எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல ஒரே ஒரு வயலின் முக்கால் நிமிடம் வாசித்து முடிக்க வேண்டும். தூரத்திலிருந்து என்றால் கடைசி வரிசைதானே. அந்த முக்கால் நிமிடம் என் நாத்தனார் மடியில் வந்து விழுந்தது.

மூன்று மாதம் மாடியில் வேறு சத்தமே இல்லை. நிசப்தத்துக்கு முந்தைய சுரங்களை வாசிப்பாள், நிறுத்துவாள், காலால் நான்கு தட்டுவாள், தன் பகுதியைத் தொடங்குவாள். தரையில் அந்த நான்கு தட்டும் எங்கள் தலைக்கு மேலே கேட்கும். இவர் சாப்பிட்டுக்கொண்டே விரலால் மேசையில் எண்ணுவார்.

சனிக்கிழமை மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. எல்லா வாத்தியங்களும் நின்றன. நிசப்தம். இவர் விரல் என் முழங்கையின் மேல் எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வயலின் வரவில்லை. ஐந்து. இவருக்கு வேர்த்துவிட்டது. ஆறு. தங்கை மறந்துவிட்டாள், இத்தனை பேர் முன்னால் மானம் போகப்போகிறது என்று நினைத்தாராம். அவளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தட்டிவிட்டார்.

அறுநூறு பேரும் தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். குச்சிக்காரர் அந்த நிசப்தத்தை அன்றைக்குச் சற்று நீட்டியிருந்தார், அவ்வளவுதான். அவரும் என்ன செய்வார்? திரும்பிக் குனிந்து வணங்கிவிட்டார். கடைசி வரிசையில் என் நாத்தனார் வில்லைத் தூக்கியபடியே நின்றாள்.

மறுநாள் காலை நாளிதழில், நிசப்தத்திலேயே முடித்தது துணிச்சலான புதுமை என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். என் நாத்தனார் அதைக் கத்தரித்து இவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்மா,” என்றார் இவர்.

“பதினெட்டு வருஷம் காத்திருந்தவ மறப்பேனா அண்ணா?”

இவர் அந்த ஆடுகிற நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். அன்று மாலை அதே இசைக்கோவைக்கு இன்னொரு நிகழ்ச்சி இருந்தது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அந்த இசைக்கோவையை எப்போது வாசிப்பார்களோ யாருக்குத் தெரியும்.

“நான் இன்னிக்கு வரல. வீட்லயே இருக்கேன்,” என்றார்.

“வரணும். நீ கேக்காம நான் யாருக்கு வாசிக்கிறது?” என்றாள் அவள்.

மாலை மேடைக்குப் போகுமுன் அவள் நேராக ஏழாம் வரிசைக்கு வந்தாள். வயலினை எடுத்துக்கொண்டு அதன் பெட்டியை இவர் மடியில் வைத்தாள். அந்தப் பெட்டியின் பூட்டு போன வருடமே போய்விட்டது. இவரும் நாளைக்குப் பாத்துக்கலாம் என்று சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டியிருந்தார். இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்காவிட்டால் வாயைப் பிளந்துவிடும்.

“ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது.”

பிடித்துக்கொண்டார். அந்த நிசப்தம் வந்தபோது அரங்கமே மேடையை விட்டுவிட்டு இவரைப் பார்த்தது. நான்கு. ஐந்து. ஆறு. இவர் நெற்றி நரம்பு புடைத்தது. கை பெட்டியின் மேல் வெளுத்துப்போயிருந்தது. ஏழில் வயலின் வந்தது.

மூன்று மாதம் தலைக்கு மேலே கேட்டது இதைத்தானா என்று இருந்தது எனக்கு. யாரோ தூரத்தில் நின்று நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது. பிறகு அதுவும் அடங்கியது. வில் இறங்கியது. குச்சி இறங்கியது. யாரும் தட்டவில்லை.

எல்லோரும் இவரைப் பார்க்கிறார்கள். இவரோ மேடையின் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணீரும் மூக்கும் சேர்ந்து வழிகிறது. துடைக்கக் கை இல்லை. நான் இடித்தேன். அசையவில்லை. குச்சிக்காரர் கலவரத்தோடு திரும்பினார். அப்போது கடைசி வரிசையில் என் நாத்தனார் எழுந்து நின்றாள்.

“அண்ணா, முடிஞ்சிடுச்சு. தட்டு.”

இவர் கையை எடுத்தார். பெட்டி வாயைப் பிளந்தது. பென்சில், வில்லில் தேய்க்கும் பிசின் கட்டி, சீப்பு, இருமல் மிட்டாய் எல்லாம் தரையில் கொட்டி முன்வரிசை நோக்கி உருண்டன. இவர் எதையும் கவனிக்காமல் தட்டினார். அரங்கம் அதிர்ந்தது. இதய டாக்டர் நாற்காலிக்கு அடியில் புகுந்து பிசின் கட்டியைத் தேடினார். நீதிபதியின் மனைவி சீப்பை எடுத்து இவரிடம் கொடுத்து, முதல்முறையாக முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, “எங்க முடிஞ்சுதுன்னே தெரியல,” என்றார் என்னிடம். குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார். எப்போது தட்டுவது என்று எண்ணிக்கொண்டிருக்காமல் அவர் இசையைக் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை அதிசயமாக, யாரும் சொல்லாமலே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். போன வேகத்திலேயே எடுத்த பெட்டியைத் தங்கையிடம் பறிகொடுத்துவிட்டு இறங்கி வந்தார். மேலேயிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது.

“பூட்டு அப்படியே இருக்கட்டும் அண்ணா. அடுத்த தடவையும் நீதான் பிடிச்சுக்கணும்.”