சேறு தின்ற சங்கிலி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் இருக்கும். புருஷன் இறந்த பிறகு, தேங்காப்பட்டணம் காயல் கரையில் தேங்காய் உரிமட்டையான கதம்பையை ஊறப்போட்டு, நார் அடித்து, தனியாகப் பிழைத்து வந்தேன். அக்கரையில் கொல்லர் ஆசாரியின் சம்மட்டிச் சத்தம் கேட்கும். எனக்கு அதுதான் துணை.

காயல் சேற்றில் ஊறும் கதம்பைக் கட்டுகள் மிதந்து போகாதபடி எல்லோரும் கயிற்றால்தான் கட்டுவார்கள். நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்து, ஆசாரியிடம் இரும்புச் சங்கிலி அடித்து வாங்கினேன். இரண்டாவது மழைக்காலத்தில் அது அறுந்தது. கதம்பை முழுவதும் கடலோடு போயிற்று.

சந்தையில் எல்லோர் முன்பும் ஆசாரியிடம் கேட்டேன்: "பழைய இரும்ப என் தலையில கெட்டிட்டீராக்கும்?"

"நல்ல இரும்புதான்க்கா. எப்பிடி அறுந்துதுன்னு எனக்கே தெரியல்ல," என்றார்.

பிறகு யாரும் அவரிடம் வேலை கொடுக்கவில்லை. உலையை மூடிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார்.

மிச்சச் சங்கிலியை அதன் பிறகுதான் வெளியே இழுத்தேன். தண்ணீருக்கு மேலே இருந்த வளையங்கள் கெட்டியாக இருந்தன. சேற்றில் கிடந்தவை கறுத்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு, நகம் பட்டதும் உதிர்ந்தன. பாலத்துக்கு இடம் அளக்க வந்த எஞ்சினியரிடம் காட்டினேன்.

"சேத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமியள் உண்டு. கதம்பைய அழுக வைக்கது ஒரு கூட்டம், இரும்ப அரிக்கது இன்னொரு கூட்டம். கொல்லன் என்ன செய்வான்?" என்றார்.

அந்தச் சேறு அழுக வைப்பதை நம்பித்தான் நான் சோறு தின்றேன். ஆனாலும் சந்தேகம் மனுஷன் மேல்தான் வந்தது.

இப்போதும் நார் அடிக்கும்போது இடையில் கையை நிறுத்திக் கேட்பேன். அக்கரையில் ஒரு சத்தமும் இல்லை.