ஒரு துண்டு குறைந்த போத்தல்

அப்பா இருந்த காலத்தில், ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் நாங்கள் குடும்பமாகக் குளத்துக்குப் போவோம். மாட்டுவண்டியில் புளிச்சோறும் கருவாட்டுக் குழம்பும் ஏறும். போய்ச் சேர்ந்ததும் அப்பாதான் முதலில் இறங்குவார். இடுப்பளவு தண்ணீர் வரை வெறுங்காலால் தரையைத் தடவித் தடவி நடப்பார். முள், சிப்பி, எது அகப்பட்டாலும் கரையில் போடுவார். ஆழம் தொடங்கும் இடத்தில் ஒரு தடியை ஊன்றுவார். தடி நின்றால்தான் பிள்ளைகள் இறங்கலாம்.

அப்பாவுக்குப் பிறகு அந்த வேலையை என் தங்கை விமலேஸ்வரி எடுத்துக்கொண்டாள். மூத்தவனான எனக்கு நீச்சல் வராது. ஜெயபுரத்தில் தையல் தைக்கும் அவளோ அந்தக் குளத்தை அகலவாட்டில் நீந்திக் கடந்தவள்.

இந்த ஓகஸ்டில் தன் மகள் தர்மிளாவுக்கு நீந்தப் பழக்குவதாகச் சொல்லியிருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை. அதற்கென்றே ஒரு நீலச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். வவுனியாவிலிருந்து அத்தை மகன் ரூபன் மனைவி பிள்ளைகளோடு தன் வான் வண்டியில் வந்தான். எல்லோரும் அதிலேயே போனோம்.

குளக்கட்டு நாறியது. முன்பு வந்து போனவர்கள் சோறு சுற்றி வந்த லஞ்ச் சீற்றுகளில் கோழி எலும்பும் ஊசிப்போன சோறும் கிடந்தன. மேலே ஈ அப்பியிருந்தது. படிக்கட்டில் ஊறிப் பருத்த குழந்தைப் பம்பர்ஸ் இரண்டு. ஒன்றை நாய் கிழித்துப் பரப்பியிருந்தது. மருத மரத்தடியில் யாரோ வாந்தி எடுத்திருந்தார்கள். வந்து போனவர்களை நான் திட்டிக்கொண்டே நின்றேன். தங்கை எல்லாவற்றையும் உரப்பைகளில் அள்ளிக் கட்டினாள். பிறகு தண்ணீருக்குள் இறங்கிக் காலால் தடவத் தொடங்கினாள்.

ரூபன் மர நிழலில் பியர் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சாள், மீன் பிடிக்கிறீங்களோ?"

"ஓம். உன்னைப்போல ஆக்கள் விட்ட மீன்தான். மூண்டு பை நிரம்பிட்டுது."

ஒரு மணி நேரம் கழித்துத் தடியை ஊன்றினாள். தர்மிளா படிக்கு ஓடிவந்தாள். அப்போது ரூபன் வெறும் பியர்ப் போத்தலைத் தடிக்குக் குறிவைத்து எறிந்தான். அது படியோரத்துப் பாறையில் பட்டுத் தண்ணீருக்குள் சிதறியது.

"தர்மிளா, காலை எடு," என்றாள் தங்கை.

"ஒரு போத்தல்தானே. அங்கால தள்ளிக் குளிப்பம்," என்றான் அவன்.

"இறங்கிப் பொறுக்கு."

"செருப்போட இறங்கட்டோ?"

"செருப்புக்குக் கண்ணாடி தெரியாது. காலால தேடு."

அவன் சிரித்துப் பார்த்தான். அவன் மனைவி சுகந்தினி, "இறங்குங்கோ. பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்குதுகள்," என்றாள். காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினான்.

அவன் எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு துண்டையும் தங்கை கழுவி, வெட்டிய துணியைப் பொருத்துவதுபோல ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாள். கழுத்து, அடி, வயிறு. மத்தியானம் திரும்பியபோது பெருவிரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை மிச்சம் இருந்தது. அவளும் இறங்கித் தேடினாள். தண்ணீர் சேறாகக் கலங்கிவிட்டது. அந்தத் துண்டு கிடைக்கவில்லை.

முன்பு வந்தவர்களைக் காலையில் வாய் ஓயாமல் திட்டியவன் நான். எங்களோடு வந்தவனைப் பார்க்க எனக்கு அதைவிட அருவருப்பாக இருந்தது.

தர்மிளா நனையாத நீலச் சட்டையோடு வானில் ஏறினாள். ரூபன் ஹோன் அடித்தான். தங்கை திரும்பிப் படியில் இறங்கினாள்.

"எங்க போறாய்?" என்றேன்.

"தடியைப் பிடுங்க, அண்ணை. அது நிண்டா ஆராவது நம்பி இறங்குவினம்."

வெறுங்காலால் தடவித் தடவி நடந்தாள்.