பௌர்ணமிக்கு மறுநாள் அங்கோரில்

காந்தா ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயம்மா. குழந்தைகளை ஏற்றுவது, இறக்குவது, யார் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுகிறான், யாருக்கு வாந்தி வரப்போகிறது என்று பார்த்துக்கொள்வது அவள் வேலை. குரல் பெரிசு. வீடு பெங்களூரு ஜோகுபாளையத்தில். கணவர் கோவிந்தப்பா ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருந்து, வலது முழங்கால் தேய்ந்துபோய் வேலையை விட்டவர். பிள்ளைகள் கல்யாணமாகி பொம்மனஹள்ளிப் பக்கம் போய்விட்டார்கள்.

பௌத்தக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவிலிருந்த சின்ன விகாரையில் கூடுவார்கள். ஒரு புத்த பூர்ணிமா அன்று அங்கே திரை கட்டி, கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பற்றி ஒரு வீடியோ போட்டார்கள். காட்டு மரங்களுக்கு நடுவே கல் கோபுரங்கள். கோபுரத்தின் நாலு பக்கமும் கண் மூடிச் சிரிக்கும் பெரிய முகங்கள். காந்தா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள்.

"இங்கெல்லாம் நம்மளால போக முடியுமா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பக்கத்து வீட்டு முத்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்ப்பவள், புருஷனை இழந்தவள். "நீ போனா நானும் வரேன்க்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கோவிந்தப்பா ஆரம்பித்தார். "நமக்கெதுக்கு காந்தா அதெல்லாம்? பாஷை தெரியாது. சோறு கிடைக்குமோ என்னமோ. என் காலு வேற இப்படி. வீடியோல பாத்தாச்சில்ல, ஆயித்து, உடு."

"இன்னா ஆயித்து? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அன்றிலிருந்து அவள் கேட்க ஆரம்பித்தாள். பஸ் வாசலில் குழந்தையை ஒப்படைக்கும்போதே பெற்றோரிடம் கேட்பாள்: "மேடம், நீங்க கம்போடியா போயிருக்கீங்களா?" வியட்நாம் போனவர்கள் கிடைத்தார்கள், பாலி போனவர்கள் கிடைத்தார்கள். கடைசியில் நிருபமா என்ற ஒரு தாய், போன வருஷம்தான் அங்கோர் போய் வந்தவர், பஸ் வரும் நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்று சொல்லிக்கொடுத்தார். போவதானால் டிசம்பரில் போங்கள், ஏப்ரலில் போனால் கல்லே சுடும். பழகின செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள், புதுசு வேண்டாம். கோயிலுக்கு மூன்று நாள் அனுமதிச் சீட்டாக வாங்குங்கள், ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்தால் ஒன்றும் மனதில் நிற்காது. விமான நிலையம் ஊரைவிட்டு வெகு தூரம், வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரிசிச் சோறு எங்கும் கிடைக்கும், குழம்பில் மட்டும் மீன் சாறு இருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள்.

சேமித்த பணத்தைத் திரட்டி முத்தம்மாவும் சேர்ந்துகொண்டாள், கோவிந்தப்பாவும் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். கிளம்புவதற்கு முன்பே ஒரு கண்டம் வந்தது. பாஸ்போர்ட்டில் அவள் பெயர் வெறும் காந்தா. குடும்பப் பெயர் என்ற இடம் காலி. டிக்கெட் போட்டுக்கொடுத்த நாகேஷ், அந்த இடம் காலியாக இருக்கக்கூடாதே என்று கணவர் பெயரைச் சேர்த்து 'காந்தா கோவிந்தப்பா' என்று போட்டிருந்தான். காந்தா டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். உடனே அவன் அலுவலகத்துக்கு நடந்தாள்.

"ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி, எல்லாரும் இப்படித்தான் போறாங்க" என்றான் நாகேஷ்.

"ஏர்போர்ட்ல என்னை நிறுத்திட்டா நீ வந்து பேசுவியாப்பா? இப்பவே ஃபோன் போடு."

அவன் விமானக் கம்பெனிக்குப் பேசினான். பேசி முடித்ததும் முகம் மாறியது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே மூவருடைய டிக்கெட்டும் விசாவும் பாஸ்போர்ட்டில் இருந்தபடியே சரியாயின.

டிசம்பர் விடுமுறையில் மூவரும் அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் போய் இறங்கினார்கள். வுத்தி என்ற ஓட்டுநர் தன் டுக்-டுக்கோடு காத்திருந்தார். பைக்குக்குப் பின்னால் இரட்டை இருக்கை வைத்த தேர் மாதிரியான வண்டி. வுத்திக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். காந்தாவுக்குப் பள்ளிக்கூட பஸ் இங்கிலீஷ் வரும். ஸ்லோ, ஸ்டாப், வெயிட், சிட் ப்ராப்பர்லி. அது தாராளமாகப் போதுமாக இருந்தது.

முதல் நாள் சிரிக்கும் முகங்களின் கோயிலுக்குப் போனார்கள். காந்தா ஒவ்வொரு முகத்தின் எதிரிலும் நின்று தானும் சிரித்தாள். இரண்டாம் நாள் பௌர்ணமி. அங்கோர் வாட்டுக்கு அந்த நாளைத்தான் அவள் ஒதுக்கி வைத்திருந்தாள். புனித நாளில் பெரிய கோயிலின் உச்சியில் ஏறி புத்தரை வணங்க வேண்டும் என்பது அவள் ஆசை.

அகழியைத் தாண்டி, நீண்ட கல்பாதையில் நடந்து உள்ளே போனார்கள். நுழைவாயிலில் எட்டுக் கைகளோடு ஒரு பெரிய விஷ்ணு நின்றார். ஊர்க்காரர்கள் அவருக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு, அடுத்த மண்டபத்தில் புத்தருக்கும் ஏற்றினார்கள். "நம்ம அல்சூர்ல எல்லா சாமியும் பக்கத்துல பக்கத்துல இருக்கற மாதிரியே இருக்குக்கா" என்றாள் முத்தம்மா.

நடு கோபுரத்தின் அடியில், உச்சிக்குப் போகும் செங்குத்தான படிக்கட்டில் கயிறு கட்டியிருந்தது. காவலர் கையை ஆட்டினார். "ஹோலி டே. க்ளோஸ்."

காந்தாவுக்குப் புரியவில்லை. புனித நாள் என்றுதானே வந்தோம்? வுத்தியைக் கைபேசியில் கூப்பிட்டுக் காவலரிடம் பேசச் சொன்னாள். பௌர்ணமி போன்ற பௌத்த விரத நாட்களில் உச்சியில் யாரையும் ஏற விடுவதில்லை. இத்தனை பேரிடம் கேட்டவள், இதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

முத்தம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுவிட்டாள்; காந்தா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். கோவிந்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார். "சரி, இங்கிருந்தே கும்பிட்டுக்கலாம். என் காலுக்கும் அதான் நல்லது. வா."

காந்தா நகரவில்லை. காவலரைப் பார்த்து, "டுமாரோ?" என்றாள்.

"டுமாரோ ஓப்பன்."

மறுநாள் ஏரியில் படகுப் பயணம், மாலையில் ஊர் திரும்பும் விமானம். காந்தா ஒரு நிமிஷம் யோசித்தாள். "ஏரி வேணாம். நம்மூர்லயே ஏரி கீது. சீட்டு இன்னும் ஒரு நாள் இருக்கு. காலைல இங்கதான்."

மூன்று நாள் சீட்டு அப்போது கை கொடுத்தது. வுத்தி இன்னொரு யோசனை சொன்னார். சூரியோதயம் பார்க்க உலகமே மேற்கு வாசல் குளத்தருகே நிற்கும். கிழக்கு வாசல் வழியாகப் போனால் காட்டுப் பாதை, கூட்டம் இருக்காது. அப்படியே போனார்கள். பனி விலகாத மரங்களுக்கு நடுவே நடந்து, மற்றவர்கள் குளத்தருகே படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், படிக்கட்டு வரிசையில் முதல் ஆளாய் நின்றாள் காந்தா.

காவலர் கோவிந்தப்பாவின் கால்களைப் பார்த்தார். வெளிநாடு என்பதற்காகவே மகன் வாங்கிக் கொடுத்த பெர்முடாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டிருந்தார். முழங்கால் தெரிந்தது. அனுமதி இல்லை.

"பாத்தியா, சாமியே வேணாங்குது. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார், கொஞ்சம் சந்தோஷமாகவே.

காந்தா தோள்பையைத் திறந்தாள். எங்காவது விரித்து உட்கார உதவும் என்று போட்டு வைத்திருந்த வேட்டி வெளியே வந்தது. "கட்டுங்க."

வேட்டியைக் கட்டிக்கொண்டு அவர் நிமிர்ந்து நின்றதும் காவலர் சிரித்து வழிவிட்டார்.

படிகள் ஏணி மாதிரி நின்றன. பாதி தூரத்தில் கோவிந்தப்பா நின்றுவிட்டார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "முடியல காந்தா. இறங்கிடறேன்."

அவள் அவருக்குப் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பயந்த பிள்ளையிடம் பேசும் குரல் தானாக வந்தது. "கீழ பாக்காதீங்க. கம்பிய மட்டும் பாருங்க. நல்ல கால முதல்ல வைங்க. அப்புறம் இன்னொரு கால இழுத்துக்கோங்க. அவசரமே இல்ல. பின்னால நான் கீறேன்."

ஒரு படி. நின்றார். இன்னொரு படி. பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி பொறுமையாகக் காத்து நின்றார்கள். மேலே போய்விட்ட முத்தம்மா குனிந்து, "இன்னும் கொஞ்சம்தாண்ணா!" என்று கத்தினாள்.

உச்சியில் கால் வைத்த கோவிந்தப்பா விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். காற்று வேட்டியைப் படபடக்க வைத்தது. கீழே கல்பாதை, அகழி, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை பச்சைக் காடு. திடீரென்று அவர், காந்தாவே அதுவரை கேட்டிராத குரலில், "ஏய் காந்தா! இங்க வாடி! வந்து பாரு!" என்று கூவினார்.

மேலே புத்தர் சிலையின் முன் கம்போடியப் பெண்கள் சிலர் மண்டியிட்டிருந்தார்கள். மூவரும் அவர்கள் பின்னால் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்கள் புத்தம் சரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். உச்சரிப்பு வேறாக இருந்தது. ஆனால் அது விகாரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லும் அதே பாலி மொழி வரிகள். காந்தா தன் பெரிய குரலில் சேர்ந்துகொண்டாள். முன்னாலிருந்த பெண் வியந்து திரும்பிப் பார்த்து, நகர்ந்து இடம் கொடுத்து, அவள் கையைப் பற்றிக்கொண்டாள். ஒரு வார்த்தைகூட பேசிக்கொள்ள முடியாதவர்கள், கடைசி வரி வரைக்கும் ஒன்றாகச் சொல்லி முடித்தார்கள். முத்தம்மா மறுபடி அழுதாள். இந்த முறை யாரும் அவளைத் தேற்றவில்லை.

இறங்கும்போது படிக்கட்டைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாக இறங்கினால் முழங்காலுக்குச் சிரமமில்லை என்று கோவிந்தப்பாவே கண்டுபிடித்தார். இப்போது ஜோகுபாளையம் டீக்கடையில் கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அங்கோர் போக யோசனை கேட்டுக் காந்தாவின் கைபேசிக்கு ஓயாமல் அழைப்பு வருகிறது. பெங்களூரிலேயே ஈஜிபுராவிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்துகூட. "முதல்ல காலண்டர பாருங்க, அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசைல மேல ஏத்த மாட்டாங்க" என்றுதான் அவள் ஆரம்பிக்கிறாள். பிறகு பெயர், செருப்பு, முழங்காலை மூடும் துணி, கிழக்கு வாசல்.

அடுத்த டிசம்பரில் விகாரையிலிருந்து ஒரு பெரிய கூட்டமே கிளம்பியது. பெங்களூரு விமான நிலையத்தில், வரிசையில் நின்ற அத்தனை புடவைகளையும் பைகளையும் பார்த்து மலைத்த ஒரு சிப்பந்தி கேட்டார்: "உங்க டூர் மேனேஜர் யாரு?"

எல்லாக் கைகளும் ஒரே பக்கம் நீண்டன. "நான்தாம்பா" என்று காந்தா முன்னால் வந்தாள்.